வாக்கியம் எத்தனை வகை? நம் கரையிலிருந்து ஒரு வரலாறு



என்னிடம் படித்த மாணவி ஒருத்தி குவைத்திலிருந்து ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அவள் மகன் ஏழாம் வகுப்பு. "சார், இங்கிலீஷ்ல வாக்கியம் நாலு வகைன்னு ஒரு பாடத்துல போட்டிருக்கு. அடுத்த பாடத்துல மூணு வகைன்னு போட்டிருக்கு. எது சரின்னு பையன் கேக்கான். நான் என்ன சொல்ல?" என்று. இரண்டும் சரிதான் என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஆனால் ஏன் இரண்டும் சரி, இந்த நாலும் மூணும் எங்கிருந்து வந்தன என்பது ஒரு பெரிய கதை. அதில் பாதிக் கதை நம்ம தாமிரபரணிக் கரையில் நடந்தது. பொறுமையாகப் படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா!

முதலில் அந்த நாலையும் மூணையும் பார்த்துவிடுவோம்.

வாக்கியத்தை எதற்காகச் சொல்கிறோம் என்று பார்த்தால் நாலு வகை. செய்தி சொல்வது அஸெர்ட்டிவ். கேள்வி கேட்பது இன்டராகட்டிவ். ஏவுவதும் வேண்டுவதும் இம்ப்பெரட்டிவ். வியப்பும் துக்கமும் எக்ஸ்கிளமேட்டரி.

வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் மூணு வகை. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ். தமிழில் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம்.

ஒரு வீட்டைக் குடியிருக்கிற வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று பயனை வைத்தும் பிரிக்கலாம். ஓலை வீடு, ஓட்டு வீடு, காரை வீடு என்று கட்டுமானத்தை வைத்தும் பிரிக்கலாம் அல்லவா? அது போலத்தான். கேள்வி வாக்கியம் ஒன்று சிம்பிளாகவும் இருக்கலாம், காம்ப்ளெக்ஸாகவும் இருக்கலாம். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளின் பாதிக் குழப்பம் தீரும்.

இனி வரலாறு.

பயனை வைத்துப் பேச்சைப் பிரிக்கிற பழக்கம் ரொம்பப் பழசு. கிரேக்க நாட்டில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் புரோட்டகோரஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். பேச்சை அவர் நான்காகப் பிரித்தாராம்: வேண்டுதல், வினா, விடை, கட்டளை. இதில் விடை தனியாக நிற்பதைக் கவனியுங்கள். இன்றைய பாடப்புத்தகத்தில் விடைக்குத் தனி இடம் கிடையாது, அது செய்தி வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

நம்ம தொல்காப்பியரும் அதே மாதிரிதான் போகிறார். சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே செப்பும் வினாவும் வழுவாமல் இருக்க வேண்டும் என்கிறார். செப்பு என்றால் விடை. கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பதில் சொன்னால் அது பிழை. ஒற்றை வாக்கியத்தை மேசையில் கிடத்தி அறுத்துப் பார்க்கவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசுவதைப் பார்த்து இலக்கணம் எழுதினார்கள்.

பிறகு 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரின் நன்னூல். அதில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை. நான் வகுப்பில் நடத்தியது பலருக்கு மறந்திருக்கும், அதனால் இன்னொரு முறை.

பதில் தெரிந்துகொண்டே கேட்பது அறி வினா. வாத்தியார் மாணவனிடம் கேட்பது எல்லாம் இந்த வகை. தெரியாமல் கேட்பது அறியா வினா. மாணவன் வாத்தியாரிடம் கேட்பது. இதுவா அதுவா என்று கேட்பது ஐய வினா. கடையில் போய் "வெத்தலை இருக்கா?" என்பது கொளல் வினா, வாங்குவதற்காகக் கேட்பது. பரீட்சை அன்று பக்கத்துப் பையனிடம் "பேனா இருக்கால?" என்று கேட்டு, இல்லை என்றால் தன்னிடம் இருக்கிற இன்னொன்றைக் கொடுப்பது கொடை வினா. "வீட்டுப்பாடம் எழுதிட்டியா?" என்று அம்மா கேட்டால் அது ஏவல் வினா. கேள்வி மாதிரி இருக்கும், உண்மையில் உத்தரவு.

கடைசி மூன்றையும் பாருங்கள். உருவத்தில் எல்லாம் கேள்விதான். காரியத்தில் ஒன்று வாங்குகிறது, ஒன்று கொடுக்கிறது, ஒன்று ஏவுகிறது. உருவம் வேறு, காரியம் வேறு என்ற இந்த விஷயத்தை ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் சொற்பொழிவுகளாகப் பேசினார். 1962இல் அது புத்தகமாக வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. எழுநூறு வருடத்துக்கு முன்னே நம்ம பிள்ளைகள் இதைத் திண்ணையில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

சரி, இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

நம் ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே ஓடி, தாமிரபரணி கடலில் சேருகிற இடம் புன்னைக்காயல். இன்றைக்கு அமைதியான மீனவர் ஊர். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்ச்சுக்கீசியரின் முக்கிய ஊர்களில் ஒன்று. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின் சில ஆண்டுகளில் வந்தவர் என்றிக்கே என்றிக்கஸ். சவேரியாருக்குத் தமிழில் சில ஜெபங்கள் மனப்பாடம். அதற்கு மேல் துபாசிதான். என்றிக்கஸ் பாதிரியாருக்கு அது போதவில்லை. பாவசங்கீர்த்தனத்தை நடுவில் ஒருவரை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? அவர் உட்கார்ந்து தமிழ் படித்தார். நம்ம கரைப் பரதவ மக்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு, 1549 வாக்கில் தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணமாக நமக்குக் கிடைத்திருப்பது அதுதான். கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹெய்ன் அம்மையாரும் நம்ம வி.எஸ். ராஜம் அவர்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்து, 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளியானது.

அவருக்குத் தெரிந்த இலக்கணம் லத்தீன் இலக்கணம். அந்தச் சட்டத்துக்குள்தான் தமிழைப் பொருத்திப் பார்த்தார். தொல்காப்பியம் நன்னூல் வழியில் வந்த இலக்கணம் இல்லை அது. காதில் விழுந்த பேச்சுக்கு எழுதிய இலக்கணம். அதனாலேயே அதற்கு ஒரு மதிப்பு: அந்தக் காலத்தில் நம்ம கரையில் சனங்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். ஆங்கில மொழிக்கு ஆங்கிலத்திலேயே எழுதி அச்சான முதல் இலக்கணம் வில்லியம் புல்லோக்கருடையது. ஆண்டு 1586. அதாவது புன்னைக்காயலில் தமிழுக்கு ஓர் இலக்கணம் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதி முடித்து முப்பத்தேழு ஆண்டு கழித்து. அதே 1586இல்தான் என்றிக்கஸ் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' தமிழில் அச்சானது. புன்னைக்காயலில் அச்சடித்தது என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். ஆங்கிலம் என்னவோ பிறக்கும்போதே இலக்கணத்தோடு பிறந்தது போலவும், நாம்தான் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போலவும் நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்த வருடங்களைச் சொல்லுங்கள்.

அந்தப் பாதிரியாரின் அச்சுப் புத்தகங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', பதினாறு பக்கம். 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. இது குருவும் சீடனும் பேசுகிற வினாவிடை. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. அதிலும் கேள்விகள்தான். தமிழில் அச்சு தொடங்கும்போதே வினாவும் விடையும் அச்சேறிவிட்டன. ஆனால் கேள்வி புத்தகத்தினுடையது. பதில் மட்டும்தான் படிக்கிறவனுடையது. இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? கேள்வி கேட்கிற முறையே மாறிக்கொண்டிருந்தது. பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லைத் தூக்கி முன்னால் வைத்தால் கேள்வி ஆகிவிடும். "நோ யூ ஹிம்?" என்று கேட்பார்கள். 16ஆம் நூற்றாண்டில்தான் "டூ யூ நோ ஹிம்?" என்பது வேகமாகப் பரவியது. பல தலைமுறைப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிற அந்த டூ, டஸ், டிட் அப்போது அங்கேயே புதுச்சரக்கு.

தமிழில் இந்தக் கஷ்டம் இல்லை. "வந்தான்" என்பதோடு ஓர் ஆகாரம் சேர்த்தால் "வந்தானா". எந்தச் சொல்லில் சந்தேகமோ அந்தச் சொல்லில் சேர்த்தால் போதும். "ராமுவா நேத்து வந்தான்?", "ராமு நேத்தா வந்தான்?", "ராமு நேத்து வந்தானா?" மூன்றும் மூன்று கேள்வி. ஓலைச்சுவடியில் கேள்விக்குறி கிடையாது, தேவையும் இல்லை. அந்தக் கொக்கிக் குறி ஐரோப்பியர் வழியாக அச்சோடு வந்தது.

ஆங்கிலத்தில் எப்படி என்று, படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரே உதாரணத்தில் சொல்லிவிடுகிறேன்.

"ராமு செல்ஸ் பீட்டல் லீவ்ஸ்." ராமு வெற்றிலை விற்கிறான். செய்தி.

"டஸ் ராமு செல் பீட்டல் லீவ்ஸ்?" கேள்வி. இங்கே "செல்ஸ்" என்பதற்குள் ஒரு "டஸ்" ஒளிந்திருக்கிறது. கேள்வி என்றதும் அது வெளியே வந்து எழுவாய்க்கு முன்னால் நின்றுகொள்கிறது. வரும்போது கடைசி "ஸ்"ஸையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. அதனால்தான் பின்னால் வெறும் "செல்" நிற்கிறது. "டஸ் ராமு செல்ஸ்" என்று எழுதினால் ஒரே ஆளுக்கு இரண்டு குடை. ஏற்கெனவே இஸ், வாஸ், கேன், வில் மாதிரித் துணைவினை இருந்தால் டூ வேண்டாம், இருக்கிறதையே முன்னால் நகர்த்து. "ராமு கேன் ஸ்விம்", "கேன் ராமு ஸ்விம்?" அவ்வளவுதான்.

"செல் பீட்டல் லீவ்ஸ், ராமு." ஏவல். எழுவாயாக இருக்க வேண்டிய "யூ" மறைந்திருக்கிறது. தமிழிலும் அப்படித்தான், "விற்றுவா ராமு" என்றால் போதும், "நீ" வேண்டாம்.

"வாட் ஃபைன் பீட்டல் லீவ்ஸ் ராமு செல்ஸ்!" வியப்பு. "வாட்" வந்தும் இங்கே டஸ் வரவில்லை. ஏனென்றால் இது கேள்வி இல்லை. "ஹவ் டீப் தி ரிவர் இஸ்!" என்றால் வியப்பு, "ஹவ் டீப் இஸ் தி ரிவர்?" என்றால் கேள்வி. தமிழில் "ஆறு எவ்வளவு ஆழம்" என்று சொல்லிக் குரலை மட்டும் மாற்றுவோம். அவர்களுக்குச் சொல்லின் இடம் மாற வேண்டும். ஆங்கிலத்தில் சொல் நிற்கிற இடம்தான் இலக்கணம். தமிழில் சொல்லின் வால்தான் இலக்கணம். இதுதான் இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம்.

இந்த நாலும் மூணும் புத்தகத்துக்குள் எப்படி வந்தன? லிண்ட்லி மர்ரே என்று ஓர் அமெரிக்க வக்கீல். இங்கிலாந்தில் யார்க் நகரில் குடியேறி, அங்கிருந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்காக 1795இல் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். அது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. அதில் வாக்கியம் இரண்டே வகை, சிம்பிள், காம்பவுண்ட். பயனை வைத்து மூணு வகை: விளக்குவது, வினவுவது, ஏவுவது. காம்ப்ளெக்ஸும் இல்லை, எக்ஸ்கிளமேட்டரியும் இல்லை. பார்த்தீர்களா, நாம் வேதவாக்கு மாதிரி மனப்பாடம் செய்த கணக்கு அன்றைக்கு வேறாக இருந்தது!

பிறகு ஜெர்மனியில் கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர் என்பவர் வாக்கியத்தை உடம்பு மாதிரிப் பார்த்து, உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் முறையை வளர்த்தார். இங்கிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த ஜே.டி. மொரெல் 1852இல் அந்த வழியில் வாக்கியப் பகுப்பு என்று ஒரு புத்தகம் போட்டார். அங்கிருந்து முதன்மைத் தொடர், சார்புத் தொடர், நௌன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தன. கேள்வித்தாள் போடுகிறவர்களுக்கு இது ரொம்ப வசதி. திருத்துவது சுலபம்.

அந்தச் சரக்கை இந்தியாவுக்கு என்றே கட்டிக் கொடுத்தவர் ஜே.சி. நெஸ்ஃபீல்டு. இன்றைய உத்தரப்பிரதேசப் பகுதியில் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். 1890களில் அவருடைய இலக்கண வரிசை வந்தது. நம்ம தாத்தாமார் மெட்ரிகுலேஷனுக்குப் படித்தது அதுதான். பின்பு 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. அந்த பி.சி. ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். பாலைவனப் படைவீரர்களைப் பற்றி 1924இல் 'போ ஜெஸ்ட்' என்று நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர். இங்கிலாந்தில் அவரை நாவலுக்காக அறிவார்கள். இந்தியாவில் இலக்கணத்துக்காக அறிவோம். அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் இல்லாத வாத்தியார் வீடு உண்டா? பிற்காலத்தில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்புதான் இன்றும் கடையில் கிடைக்கிறது.

இந்த இடத்தில் மறுபடி நம்ம பக்கத்துக்கு வர வேண்டும். ஆற்றுக்கு வடக்கே சாயர்புரம். 1840களில் ஜி.யு. போப் அங்கே குருத்துவப் பள்ளி நடத்தினார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய தமிழ் இலக்கணமும் வினாவிடையாகவே இருக்கும். தெற்கே தேரிக்காட்டைத் தாண்டி இடையன்குடி. அங்கே 1841இல் வந்து குடியேறிய கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். நம்ம கொற்கையிலும் தோண்டிப் பார்த்தவர் அவர்.

கால்டுவெல் கவனித்த ஒரு விஷயம்தான் இந்தப் பதிவுக்கு முக்கியம். ஆங்கிலத்தில் ஹூ, விச், தட் என்று இணைக்கிற சொற்கள் இருக்கின்றன. திராவிட மொழிகளில் அது கிடையாது, அந்த வேலையைப் பெயரெச்சம் பார்த்துவிடுகிறது என்றார். "ஆத்தூரிலிருந்து வந்த வெற்றிலை" என்கிறோம். "வந்த" என்று ஒரே சொல். ஆங்கிலத்தில் "தி பீட்டல் லீவ்ஸ் தட் கேம் ஃப்ரம் ஆத்தூர்" என்று ஒரு தனித் தொடரே கட்ட வேண்டும். நமக்கு எச்சம், அவர்களுக்கு கிளாஸ்.

வினையெச்சமும் அப்படித்தான். கொடிக்காலில் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் சொல்வதைக் கேளுங்கள்: "விடியக்காலம் எந்திரிச்சு, ஆத்துல ஒரு முங்கு போட்டு, கொடிக்காலுக்குப் போயி, வெத்தலை கிள்ளி, கவுளி கவுளியா அடுக்கி, லோடு ஏத்திட்டு வந்தேன்." ஏழு காரியம் நடந்திருக்கிறது. முற்று ஒன்றே ஒன்று, "வந்தேன்". வாய் ஓயவில்லை, வாக்கியமும் முடியவில்லை! இதை என் மாணவன் ஆங்கிலத்தில் எழுதினால் "ஐ காட் அப் அண்ட் பேத்ட் அண்ட் வென்ட் அண்ட் ப்ளக்ட் அண்ட்..." என்று அண்ட் அண்டாகப் போகும். சிவப்பு மையில் சுழிப்பார்கள். பையன் முட்டாள் இல்லை. அவன் தமிழில் சரியாகக் கட்டிய ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் கட்டும் வழி அவனுக்குக் காட்டப்படவில்லை. "ஆஃப்டர் பேத்திங் இன் தி ரிவர், ஐ வென்ட் டு தி கார்டன்" என்று காட்டினால், "குளிச்சிட்டு" என்பதும் "ஆஃப்டர் பேத்திங்" என்பதும் ஒரே மாதிரி என்று அவனே பிடித்துக்கொள்வான்.

இதற்கு நேர்மாறான பயணமும் நடந்தது. ஆங்கில இலக்கணத்தின் பிரிவுகள் தமிழ்ப் பாடப்புத்தகத்துக்குள் குடியேறின. தனி, தொடர், கலவை; செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி; நேர்கூற்று, அயற்கூற்று. இந்தத் தலைப்புகளை நன்னூலில் தேடினால் கிடைக்காது. அது தப்பு என்று சொல்லவில்லை, மொழிகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கத்தான் செய்யும். ஆனால் வாங்கிய சட்டை எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. "வாறேன்னு சொன்னான்" என்கிற நம்ம பேச்சில், பேசினவன் வாய்ச்சொல் அப்படியே உள்ளே இருக்கிறது. அது நேர்கூற்றா, அயற்கூற்றா? ஐந்து மார்க்குக்குப் பதில் எழுதலாம், மனசுக்குப் பதில் கிடைக்காது.

வகை தெரிந்தால் வாக்கியம் வந்துவிடும் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். சிம்பிளைக் காம்ப்ளெக்ஸ் ஆக்கு, காம்ப்ளெக்ஸைக் காம்பவுண்ட் ஆக்கு என்று பிள்ளைகள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு 1950களில் சென்னை மாகாணத்தில் ஸ்ட்ரக்சுரல் முறை வந்தது. வகையின் பெயரே வேண்டாம், வாக்கிய அமைப்பைப் பலமுறை சொல்லிப் பழகட்டும் என்றார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய இயக்கம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி, பலர் இன்னும் பலருக்கு. பனிப்பந்து உருளுவது போல என்று அதற்குப் பெயரே 'மெட்ராஸ் ஸ்னோபால்'. பனியே பார்க்காத ஊரில்!

அதன் பிறகு 1979 முதல் 1984 வரை, என்.எஸ். பிரபு என்ற பேராசிரியர் பெங்களூரு, சென்னைப் பக்கத்துச் சில சாதாரணப் பள்ளிகளில் வேறு மாதிரி செய்து பார்த்தார். இலக்கணமும் வேண்டாம், திருப்பிச் சொல்வதும் வேண்டாம். ரயில் கால அட்டவணையைக் கையில் கொடு, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், வேலைக்கு நடுவில் மொழி தானாக வரும் என்றார். இன்று உலகம் முழுதும் ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் அந்த முயற்சியைப் பற்றிப் படிக்கிறார்கள். நம்ம பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் உலகத்துக்குக் கொடுத்த பாடம் அது.

இத்தனை முறை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. கேள்வி எப்போதும் புத்தகத்திடமும் வாத்தியாரிடமும்தான் இருந்தது. 1579 முதல் நேற்றுவரை, பிள்ளையின் வாயில் வருவது விடை வாக்கியம் மட்டும். நன்னூல் கணக்கில் சொன்னால், வகுப்பறையில் அறி வினா மட்டும் உண்டு. அறியா வினா இல்லை. இத்தனைக்கும், கேட்பதும் கேட்டதற்கு விடை சொல்வதும் மாணவன் கடமை, அப்போதுதான் அறியாமை நீங்கும் என்று பாயிரத்திலேயே எழுதிவைத்த நூல் அது.

இதனால் வருகிற நஷ்டம் மார்க்கில் தெரியாது, வாழ்க்கையில் தெரியும். நம்ம கரைப் பையன்கள் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள். என்னிடம் படித்த ஒருவன், இலக்கணத்தில் நல்ல மார்க் வாங்குகிறவன், வெளிநாட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். ஒப்பந்தத் தாளை நீட்டியிருக்கிறார்கள். அதில் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்தம் எவ்வளவு என்று போடவில்லை. "சார், எனக்கு அது புரிஞ்சுது. ஆனா எப்படிக் கேக்கணும்னு வாய் வரல. கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று பிறகு சொன்னான். ஒரே ஒரு கேள்வி வாக்கியம். "ஹவ் மச் வில் யூ டிடக்ட்?" ஐந்து சொல். அது வராததற்கு இரண்டு வருடம் விலை கொடுத்தான்.

இன்னொருவனுக்கு வேறு சங்கடம். மேலதிகாரியிடம் "கிவ் மீ லீவ்" என்று கேட்டிருக்கிறான். அவர் முகம் சுளித்திருக்கிறார். பையன் மரியாதை இல்லாதவன் இல்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. "குடுல", "குடுடே", "குடு", "குடுங்க", "குடுங்கய்யா" என்று ஒரே ஏவலை எத்தனை படியில் ஏற்றி இறக்குகிறோம்! தொல்காப்பியர் இதற்குச் சொல்லையே பிரித்து வைத்தார். தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ, ஒத்தவரிடம் தா, தாழ்ந்தவரிடம் கொடு. ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. ஒருகாலத்தில் நெருங்கியவருக்கு "தௌ", மரியாதைக்கு "யூ" என்று நம்ம நீ, நீங்கள் போல வைத்திருந்தார்கள். காலப்போக்கில் "தௌ" பேச்சிலிருந்து மறைந்து எல்லோரும் "யூ" ஆகிவிட்டார்கள். அப்போது மரியாதை எங்கே போனது? வாக்கிய வகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏவலாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டால் மரியாதை. "குட் ஐ ஹேவ் லீவ் ஆன் ஃப்ரைடே?", "வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி டோர்?" நம்ம "குடுங்கய்யா"வுக்கு அவர்கள் மொழியில் இணை இந்தக் கேள்வி வாக்கியம்தான். வாக்கிய வகையைப் படிப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். கட்டம் போட்டு மார்க் வாங்க இல்லை. நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து கேட்க.

ஆகவே பேரன் பேத்திகளைப் படிக்க வைக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஓய்வு பெற்றாலும் இந்தப் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி புத்தகத்தை மூடியதும், நீங்கள் கேள்வி கேட்காதீர்கள். பிள்ளையை உங்களிடம் மூன்று கேள்வி ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் அவனுக்கு உண்மையிலேயே தெரியாததாக இருக்க வேண்டும். அதுதான் அறியா வினா. "ஹவ் மச் இஸ் ஒன் கவுளி டுடே?", "ஒய் டிட் தாத்தா கோ டு கொழும்பு?", "கேன் ஐ கம் வித் யூ டுமாரோ?" எதுவானாலும் சரி. டஸ் தப்பினால் உடனே பாயாதீர்கள். முதலில் பதில் சொல்லுங்கள், பிறகு சரியான வாக்கியத்தை நீங்களே ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள், போதும். இங்கிலீஷ் தெரியாத ஆச்சிமார் இருந்தால் தமிழிலேயே கேட்கட்டும். கேட்டுப் பழகிய வாய்க்கு எந்த மொழியும் பிறகு வந்துவிடும்.

யாராவது செய்து பார்த்தால், உங்கள் பிள்ளை கேட்டதில் உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி எது என்று கீழே எழுதுங்கள். எனக்கும் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.

எல்லோரும் நல்லா இருங்க மக்கா.

அன்புடன்,
உங்கள் சார்,
ஆத்தூர்.